நடக்காத ஒன்றுக்கு வந்த புகார்

விடுதிப் பொறுப்பை ஏற்கும் நாளில் உங்கள் கையில் ஒரு சாவிக்கொத்தும் ஒரு விதிப் புத்தகமும் தருவார்கள். சாவிகளில் பாதி எந்தப் பூட்டுக்கும் சேராது. விதிகளின் நிலைமையும் ஏறக்குறைய அதேதான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த விதிகளை எழுதியவன் நான்.

புதிதாக விடுதிக் காப்பாளர்களாகவும் மாணவர் சங்கங்களின் பொறுப்பாசிரியர்களாகவும் வந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி முதல்வர் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவனிடம் நாலு வார்த்தை கேட்பது எவ்வளவு ஆபத்தானது என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை. வருகைப் பதிவு எடுப்பது எப்படி, விடுப்புச் சீட்டில் எங்கே கையெழுத்துப் போடுவது என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை அலுவலக அலமாரியில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது ஒரே ஒரு வாரத்தைப் பற்றி. அந்த வாரத்தில் எல்லா விதியும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

புதிய மாணவர்களைப் பழைய மாணவர்கள் வாட்டுவதற்கு இப்போது நீங்கள் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்நாளில் எங்கள் விடுதியில் அதற்குப் பெயர் வரவேற்பு. விடுதி மாணவர் சங்கம் அதை நடத்தும். சங்கத்துக்குச் செயலாளர் உண்டு, நிகழ்ச்சி நிரல் உண்டு, தீர்மானம் உண்டு. ஒரு காரியத்தைத் தீர்மானம் போட்டுச் செய்தால் அதில் கொடுமை இருக்க முடியாது என்று படித்தவர்கள் நம்புவார்கள். நானும் நம்பினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் அதே விடுதியில் மாணவனாகச் சேர்ந்தபோது என்னைப் பலா மரத்தில் ஏற்றி, பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்ல வைத்தார்கள். கட்டெறும்பு கடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அழுதேன், அடுத்த ஆண்டு வேறொருவனை அதே மரத்தில் ஏற்றினேன். இதனால் எனக்கு மனவுறுதி வந்ததாகப் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது வாய்ப்பாடு மட்டும்தான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் அதே கல்லூரியில் சரித்திர ஆசிரியனாகவும் விடுதியின் உதவிக் காப்பாளனாகவும் அமர்ந்தேன். உடனே ஒன்பது விதிகள் எழுதினேன். மாணவன் தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பற்றிப் புகார் செய்யலாம். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த ஏழு நாளுக்குள் தர வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். மாணவர் சங்கச் செயலாளர் வழியாகவே வர வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். வரவேற்பை நடத்துகிறவனிடமே புகாரையும் கொடுக்க வேண்டும். எழுதும்போது எனக்கு இது உறுத்தவே இல்லை. சரியான வழியாக வருவது என்பது அந்த வயதில் எனக்கு ஒரு பக்தி.

மூன்று ஆண்டுகள் ஒரு புகாரும் வரவில்லை. ஆண்டறிக்கையில், ‘நம் விடுதியில் புதியவர்களைத் துன்புறுத்தும் வழக்கம் அறவே இல்லை’ என்று எழுதினேன். அதே ஆண்டுகளில் இரண்டு பையன்கள் சேர்ந்த இரண்டாம் வாரமே மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். காரணம் என்ற இடத்தில் இருவரும் ‘வீட்டுச் சூழ்நிலை’ என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்திட்டேன். அவர்களில் ஒருவனை ஒரு வண்டி மாட்டின் பெயர் சொல்லித்தான் விடுதி முழுக்கக் கூப்பிட்டார்கள் என்பதும், அந்தப் பெயருக்கு ‘ம்மா’ என்று பதில் கொடுத்தால்தான் அவனுக்குச் சோறு என்பதும் பின்னால் தெரிந்தது. உங்கள் விடுதியில் புகாரே இல்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். சீக்கிரம் போய்விட்டவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

இனி அந்த வாரம்.

சங்கத்தின் வரவேற்பில் கடைசிச் சடங்கு ‘மூன்று அலை’. புதியவர்கள் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து, கடலுக்கு முதுகு காட்டி, கரையில் நிற்கும் பழைய மாணவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று அலை முதுகில் அடித்துப் போன பிறகு கரையேறலாம். அதன் பிறகு நீங்கள் புதியவர் அல்ல. இதைக் கண்டுபிடித்தது யார் என்று தெரியாது. கடற்கரையில் பிறந்தவன் அல்ல என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். வழக்கமாக இது மாசி மாதம், மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்குக் கூட்டம் போகும் சமயத்தில் நடக்கும். கடல் அப்போது குளம் போலக் கிடக்கும். ஆகவே பல ஆண்டுகளாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த ஆண்டு சங்கச் செயலாளனாக இருந்தவன் தாணு. நாஞ்சில் நாட்டில் நல்ல விளைநிலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை. பேச்சுப் போட்டியில் அவனுக்கு எதிராகப் பேச ஆள் கிடைக்காது. நோயாளிகளைத் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். அதுவும் என் பிழைகளில் ஒன்று. கல்லூரி திறப்பது ஆனியில், வரவேற்பு முடிவது மாசியில் என்பது அவனுக்கு அறிவுக்குப் பொருந்தாததாகத் தோன்றியது. மாசிக்குள் புதியவன் பழையவனாகிவிடுகிறானே என்று கேட்டு, ‘மூன்று அலை’யை ஆடி மாதச் சனிக்கிழமை ஒன்றுக்கு மாற்றித் தீர்மானம் நிறைவேற்றினான். தீர்மானத்தின் நகல் எனக்கு வந்தது. தேதியும் இடமும் சரியாகக் குறிப்பிட்டிருந்ததைப் பாராட்டி, கோப்பில் வைத்தேன். இடம், கடியப்பட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேரும் பொழிமுகம். காப்பாளர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் விடுதி முழுவதும் அப்போது என் பொறுப்பில் இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் ஒரு புதிய மாணவன் என் அறைக்கு வந்தான். பெயர் யாகப்பன். கடியப்பட்டணத்துக்காரன். அவன் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். கத்தோலிக்கப் பையனை வேற்றுச் சபையார் நடத்தும் கல்லூரிக்கு அனுப்ப அவனுடைய பங்குச் சாமியார் தயங்கித் தயங்கித்தான் சம்மதக் கடிதம் கொடுத்திருந்தார். ஏதாவது தகராறு என்றால் அவன் திரும்பிப் போக வேண்டிய இடம் அவன் அப்பாவின் கட்டுமரம்தான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேராக நின்றான். சனிக்கிழமை தன்னோடு பதினாறு பிள்ளைகளைப் பொழிக்குக் கொண்டுபோகிறார்கள், ஆடிக் கடலில் அந்த இடத்தில் நிற்கக் கூடாது, நிறுத்த வேண்டும் என்று சொன்னான்.

நான் விதிப் புத்தகத்தை எடுத்து, எப்போது நடந்தது என்று கேட்டேன்.

“நடக்கல்ல சார். சனிக்கிழமதான் நடக்கும்.”

“நடக்காததுக்கு எப்பிடிப்பா புகார் எடுக்க? நடந்த பொறவு வா. ஏழு நாளு தவணை உண்டு.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “நடந்த பொறவு வந்து எழுத ஆளு வேணும்லா சார்?”

இதை நான் துடுக்குத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம், கன்னியாகுமரியில் மூன்று பௌர்ணமிகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து சுண்டல் தின்றபோது பார்த்தது. சந்திரனுக்கும் கடலின் ஏற்ற வற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த அறிவை வைத்துக்கொண்டு அவனுக்கு ஒழுங்கைப் பற்றி ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். புகார் என்றால் செயலாளர் வழியாக வர வேண்டும் என்று முடித்தேன்.

அவன் நேரே செயலாளரிடம் போனான். அப்படிச் செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்று வரைக்கும் அதை நினைத்தால் எனக்கு வியப்புத்தான். தாணுவைப் பற்றிய புகாரைத் தாணுவிடமே, ஆங்கிலத்தில் எழுதி, நான் சொன்னபடி நீட்டினான். ‘இந்த மாதத்தில் கடல் நன்றாக இல்லை’ என்பதுதான் அதிலிருந்த முதல் வாக்கியம். இலக்கணப் பிழை இருந்தது. விஷயப் பிழை இல்லை.

தாணு அதைச் சாயங்காலம் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான். வெறுப்பில் செய்யவில்லை, அவனுக்கு அது நல்ல தமாஷாகத் தோன்றியது. “நீ என்னடே மந்திரவாதியா? நாள மறுநாளு நடக்கப் போறத இண்ணைக்கே எழுதிக் கொண்டு வந்திருக்க” என்று கேட்டானாம். கூடம் சிரித்தது. கடப்புறத்துக்காரனுக்கே வெள்ளத்தைக் கண்டால் பயமாம் என்று ஒருவன் ஆரம்பித்தான். அன்றைக்கே யாகப்பன் உட்கார்ந்த மேசையை விட்டு மற்றவர்கள் எழுந்து போனார்கள். இதில் முன்னால் நின்றவர்கள் பழைய மாணவர்கள் அல்லர், புதியவர்கள். வாட்டப்படுகிறவன் தனக்காகப் பேசுகிறவனை முதலில் உதறுவான். இதை எந்த விதிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க விடுதியில் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அவன் மறுபடியும் என் மேசை முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது.

“சார், எட்டாவது விதி.”

“என்ன எட்டாவது விதி?”

“நீங்க எழுதினதாக்கும்.”

புத்தகத்தைப் புரட்டினேன். சங்கம் நடத்தும் எந்த நிகழ்ச்சியின் இடத்தையும் முன்கூட்டிப் பார்வையிடும்படி எந்த மாணவனும் உதவிக் காப்பாளரைக் கேட்கலாம், கேட்டால், செயலாளரையும் கேட்ட மாணவனையும் உடன் கூட்டிக்கொண்டு அவர் போய்ப் பார்க்க வேண்டும், மறுக்கக் கூடாது. விவாத மன்றத்தின் கூரை ஒழுகியதற்காக நான் எழுதிய விதி அது. கூரைக்காக எழுதியதைக் கடலுக்குப் பொருத்த முடியாது என்று எங்கும் எழுதவில்லை. விதிகள் எழுதியவனுக்கே மறந்துபோன ஒன்றை, ஒருவரும் தன்னோடு பேசாத ஒரு ராத்திரியில் இந்தப் பையன் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். அவனுக்குக் கோபப்பட எவ்வளவோ காரணம் இருந்தது. அவன் கோபத்தைச் செலவழிக்கவில்லை. என்னை எப்படி நாற்காலியிலிருந்து எழுப்புவது என்று மட்டும் யோசித்திருக்கிறான்.

இதற்குள் நீங்கள் ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். பயணம் ரத்து என்று இரண்டு சொல் எழுதி ஒட்டியிருக்கலாமே? ஒட்டியிருக்கலாம். அதற்குப் புகார் தேவையில்லை, சாட்சி தேவையில்லை, ஏழு நாள் தேவையில்லை. வியாழக்கிழமை பிற்பகலிலேயே அந்த அதிகாரம் என்னிடம் இருந்தது. நான் முறைப்படி நடந்துகொண்டிருந்ததால் அது என் நினைவுக்கு வரவில்லை.

மணவாளக்குறிச்சி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மூவரும் நடந்தோம். தாணு வழியெல்லாம் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தான். யாகப்பன் நாலடி முன்னால் போனான். தென்னைகளைத் தாண்டியதும் காற்று என் குடையைப் பிடித்து இழுத்தது. கட்டுமரங்கள் எல்லாம் மணலின் மேட்டில், தென்னையின் அடி வரைக்கும் ஏற்றிக் கிடந்தன. ஒன்றுகூட கடலில் இல்லை. அதைப் பார்த்தவுடன் புரிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மாட்டைத் தொழுவத்தில் கட்டுவதுபோல ஏதோ ஒரு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

யாகப்பனுடைய தாய்மாமன் அங்கே இரண்டு பேரோடு வலை உதறிக்கொண்டிருந்தார். மருமகன் வந்த காரணத்தைச் சொன்னதும் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“சாருமாரு கடல பாக்க வந்தியளா? கொஞ்சம் மேல ஏறி நில்லுங்க. இல்லண்ணா அது ஒங்கள பாக்க வந்துரும்.”

தாணு சிரித்தான். ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மணல் திட்டைக் காட்டி, அங்கேதான் நிற்க வைப்போம் என்றான். பார்ப்பதற்கு அந்த இடம்தான் கரை முழுவதிலும் சாதுவாக இருந்தது. அலை ஒன்று வந்து பரவி, நுரையைக் கால்மிதிபோல் விரித்துவிட்டுப் போயிற்று. அடுத்தது வருவதற்கு நேரம் ஆயிற்று. எனக்கே, இதற்காகவா ஒரு வகுப்பை விட்டு வந்தேன் என்று தோன்றியது.

யாகப்பன் மட்டும் சொன்னான், ஆற்று வெள்ளம் அடியில் மணலை அரித்துக்கொண்டிருக்கிறது, மேலே இருப்பது தோல்தான் என்று. “எங்க ஊர்ல ஆரும் கடலுக்கு முதுவ காட்டி நிக்கமாட்டா அண்ணே. கட்டுமரத்த கரையேத்தும்பம்கூட திரும்பித் திரும்பிப் பாத்துதான் இழுப்போம்.”

தாணுவின் முகம் மாறியது. அவனுக்குப் பயமில்லை. வேறொரு விஷயம் அவனைத் தொட்டுவிட்டது. அவன் சொன்னது நினைவிருக்கிறது: “நான் செய்யாத ஒண்ண நான் ஆரையும் செய்யச் சொன்னதில்லடே.” சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான். வேட்டியை வரிந்து கட்டினான்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ஒரு சொல் போதும், அவன் கேட்டிருப்பான். ஒரு செயலாளர் தானாக முன்வந்து நிகழ்ச்சி இடத்தைச் சோதிப்பதைத் தடுக்க எனக்கு அதிகாரம் உண்டா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

யாகப்பன் யோசிக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மாமனிடம் கண் காட்டி ஒரு வடக்கயிற்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். தாணுவின் முன்னால் போய் நின்றான்.

“நில்லுங்க அண்ணே. இத இடுப்புல கெட்டிகிட்டுப் போங்க.”

“நான் என்ன மாடாடே?”

“மாடுன்னா எறங்காது அண்ணே.”

மாமன் சத்தமாகச் சிரித்தார். தாணுவும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் கயிற்றைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தான் என்று நினைக்கிறேன். முடிச்சை யாகப்பனே போட்டான். மறுமுனையை மாமனும் மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். யாகப்பன் அவர்களுக்கு முன்னால், கயிற்றில் கை வைத்து, முழங்காலளவு தண்ணீரில் நின்றான்.

தாணு இடுப்பளவுக்கு நடந்து, திரும்பி, எங்களைப் பார்த்துச் சிரித்தான். முதல் அலை முதுகில் மோதியது. ஓரடி தள்ளாடி, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். இரண்டாவது தோளுக்கு வந்தது. இரண்டு விரல். பிறகு கடல் பின்வாங்கியது. அப்படி ஒரு பின்வாங்கலை நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் நின்ற இடம் குழைந்து, முழங்கால் வரை இறங்கினான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஏனென்றால் அவனுக்குப் பின்னால் எழுந்து நின்றதை அவன் பார்க்கவில்லை. நாங்கள்தான் பார்த்தோம். சடங்கின் முழு அர்த்தமும் அதுதான் என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது. நிற்கிறவன் கரையில் இருப்பவர்களை நம்ப வேண்டும். கரையில் இருப்பவர்களுக்கோ சிரிக்க மட்டும்தான் தெரியும்.

யாகப்பன் கத்தவில்லை. அலை விழுவதற்கு முன்பே இழுக்கத் தொடங்கியிருந்தான். விழுந்த பிறகு தாணு இருந்த இடத்தில் எதுவும் இல்லை. கயிறு பக்கவாட்டில், ஆற்றின் வாய்க்குள், விறைத்துக்கொண்டு ஓடியது. மூன்று பேரும் மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னால் நடந்தார்கள். யாகப்பன் கயிற்றைப் பிடித்தபடியே தண்ணீருக்குள் போனான். கழுத்தளவில் அவனைப் பார்த்தேன். பிறகு இரண்டு தலைகளைப் பார்த்தேன். என் கையில் குடை இருந்தது. அதை மடக்கினேன். அன்று நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

தாணுவைக் கரையில் போட்டபோது சட்டை கிழிந்து, ஒரு பக்கக் காதும் கன்னமும் மணலில் உரசி ரத்தம் கசிந்தது. கவிழ்ந்து படுத்து உப்புத் தண்ணீராக வாந்தியெடுத்தான். ஊர்ச் சனம் கொஞ்சம் கூடிவிட்டது. யாகப்பனிடம் பார்த்தாயா என்ற பார்வைகூட இல்லை. மாமன் கொண்டுவந்த நல்ல தண்ணீரைத் தாணுவின் கையில் வார்த்துவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் மறைத்துக்கொண்டு நின்றான். அப்போதும் யாகப்பனின் முகம் கடலைப் பார்த்தே இருந்தது.

நான் பல முதல்வர்களிடமும் ஒரு துணைவேந்தரிடமும் வேலை பார்த்திருக்கிறேன். தான் சொன்னது சரி என்று நிரூபணமான அந்தக் கணத்தில், தோற்றவனுக்கு நிழலாக நிற்கத் தெரிந்தவர் அவர்களில் யாரும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு தாணு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “சார், பதினாறு பேரயும் நாங்க கைகோத்து நிக்கச் சொல்லியிருந்தோம்” என்றான்.

விடுதிக்கு வந்ததும், உடை மாற்றாமல், என்னிடம் புகார்ப் படிவம் கேட்டான். இப்போது சம்பவம் நடந்துவிட்டதல்லவா? எழுதினான். புகார் செய்பவர்: தாணு. புகாருக்குரியவர்: சங்கச் செயலாளர் தாணு. சாட்சிகள் யாகப்பனும் நானும். அனுப்பி வைக்கும் செயலாளர் என்ற இடத்திலும் அவனே கையெழுத்திட்டான். மூன்று இடத்தில் ஒரே பெயர். என் விதிகளின்படி குறை சொல்ல முடியாத புகார் அது. மூன்று ஆண்டுகளில் முறைப்படி வந்த முதல் புகாரும் அதுதான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, ஒன்பது விதிகளும் எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று நான் உட்கார்ந்து பார்த்தேன். தாணு அன்றைக்கே சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று, வீங்கிய கன்னத்தோடு, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி, பயணத்தை ரத்து செய்து, பதவியையும் விட்டான். முன்தினம் அதே இடத்தில் நின்று அந்தக் கடிதத்தை வாசித்தவன் அவன். வயது இருபது. அந்தத் துணிவையும் நீங்கள் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். தவறு செய்த மாணவனை விரட்டுவதற்கு முன், அவன் இப்படி எழுந்து நிற்கக்கூடியவனா என்று பார்ப்பதற்கு ஒரு நாளாவது கொடுங்கள்.

மறுநாள் முதல்வரிடம் தாளைக் கொண்டுபோனேன். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். முழுவதும் படித்துவிட்டு, வியாழக்கிழமையே எனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். தாளைத் திரும்ப என்னிடமே தந்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைத் தொடர்ந்தார். முப்பது ஆண்டுப் பணியில் எனக்குக் கிடைத்த கண்டனங்களில் அதுதான் மிகப் பெரியது. என் பணிப் பதிவேட்டில் அது இல்லை.

ஒன்பது விதிகளைக் கிழித்துப் போட்டு மூன்று எழுதினேன். யாரும் யாரிடமும் சொல்லலாம், வாயாலும் சொல்லலாம், எந்த மொழியிலும் சொல்லலாம். நடப்பதற்கு முன்பே சொல்லலாம். கேட்டவர் அன்றைக்கே செயல்பட வேண்டும். பின்னால் வந்தவர்கள் இதை வளர்த்து இருபத்திரண்டு ஆக்கியிருப்பதாகக் கேள்வி. உங்களால் முடிந்தால் திரும்பக் குறையுங்கள். சொன்னது யார் என்று தேடிக்கொண்டு ஒருவன் உங்கள் அறைக்கு வந்தால், உட்காரச் சொல்லி, அவனைப் பற்றியே விசாரியுங்கள்.

இந்தக் கதை இங்கே முடிந்தால் நீங்களும் நானும் நிம்மதியாக இருக்கலாம். விடுதி அப்படி இல்லை.

மற்றப் பதினாறு புதியவர்களும் யாகப்பனை மன்னிக்கவில்லை. தாணுவண்ணன் தனியாகப் போனதால் விழுந்தார், நாங்கள் பதினாறு பேர் கைகோத்திருந்தால் மலைபோல் நின்றிருப்போம் என்றார்கள். கைகோத்து நின்றால் பதினாறும் ஒன்றாகப் போயிருக்கும் என்பதைப் பதினேழு வயதுக்கு எடுத்துச் சொல்ல முடியாது. தாணுவே சொல்லிப் பார்த்தான். வேண்டுமென்றே பொல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் அண்ணனை அவமானப்படுத்திவிட்டான் என்று ஒரு கட்சி. ‘மூன்று அலை’ நிற்காத வகுப்பு என்று மற்ற வகுப்புகள் இவர்களைக் கேலி செய்தன. அந்தக் கேலி முழுவதும் யாகப்பன் தலையில் இறங்கியது. அவர்களில் இருவர் என்னிடமே வந்து, தங்கள் உரிமையைப் பறித்துவிட்டதாக அவன் மேல் வாய்மொழிப் புகார் கொடுத்தார்கள். புதிய விதிப்படி நான் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று.

காலைக் கூட்டத்தில் அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். வேண்டாம் என்றான். பேசினால் அவர்கள் ஏசுவதை நிறுத்த மாட்டார்கள், மறைவில் ஏசுவார்கள், இப்போதாவது முகத்துக்கு நேரே ஏசுகிறார்கள் என்றான். சரி என்று விட்டேன். அவனுக்கு ஒரு கெடுதலும் வராமல் மூன்று ஆண்டும் பார்த்துக்கொண்டேன். அதிகாரத்தில் இருப்பவன் செய்யக்கூடியது அவ்வளவுதான்; அதைக்கூடச் செய்யாதவர்கள் நிறையப் பேர்.

உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கப்போகிறது. நடந்துவிட்ட விபத்துக்குச் சாட்சிகள் இருப்பார்கள், விசாரணை நடக்கும், இரங்கல் கூட்டம்கூட நடக்கும். நடக்காமல் தடுத்த விபத்துக்கு எதுவும் கிடையாது. தடுத்தவன் கையில் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. பிழைத்தவர்களுக்குத் தாங்கள் பிழைத்தது தெரியாது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய நாள் யாகப்பன் விடுப்புச் சீட்டில் கையெழுத்து வாங்க வந்தான். அறைக்கு வெளியே வராந்தாவில் பையன்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். போகிறபோக்கில் ஒருவன் அவனைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னுமா இந்தப் பையன்கள் அடங்கவில்லை, யார் யார் என்று பெயரைச் சொல் என்றேன்.

அவன் வாசல் பக்கம் பார்த்தான். கடைசிப் பையன் படியிறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாவனும் ஏசுதானுவ சார்” என்றான். “நான் எண்ணிப் பாத்தேன். பதினாறு பேரும் உண்டு. ஒருத்தனும் கொறயல்ல.”